செயற்கைச் சிலந்திப் பட்டு: புதிதாக வரும் நிறுவனங்களை எப்படி எடைபோடுவது?

கோவை நூற்பாளர்

நண்பர்களுக்கு வணக்கம். கோவையில் ஒரு நூற்பாலையின் தரப் பிரிவில் இருக்கிறேன். போன வாரம் எங்கள் முதலாளி ஒரு விளக்கக் கோப்பை என் மேசையில் வைத்துவிட்டு, "இதைப் படிச்சுட்டு நாம இவங்களோட சேரலாமா வேண்டாமான்னு சொல்லு" என்றார். செயற்கைச் சிலந்தி நூல் செய்யும் ஒரு புது நிறுவனம். பெயர் சொல்ல வேண்டாம். முதல் பக்கத்திலேயே "எஃகைவிட ஐந்து மடங்கு வலிமை" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அடுத்த பக்கம் ஒரு சிலந்திப் படம். அதற்கடுத்து முதலீட்டுக் கணக்கு. கிலோ எவ்வளவு, மாதம் எத்தனை கிலோ, கார்டிங்கில் (பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும் எந்திரத்தில்) ஓடுமா, சாயம் பிடிக்குமா என்று ஒரு வரிகூட இல்லை.

பருத்தியும் பாலியஸ்டரும் எனக்குப் பழக்கம். இது புதுசு. ஸ்பைபர், போல்ட் திரெட்ஸ், ஏஎம்சில்க், கிரெய்க் என்று பெயர்கள் அடிபடுகின்றன. அவற்றுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். இவர்களில் யார் உண்மையிலேயே முன்னால் இருக்கிறார்கள் என்பதை எதை வைத்துப் பார்ப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எட்டுக்கால்

வணக்கம். சிலந்திகளைப் பற்றித்தான் ஆய்வு செய்கிறேன், அதனால் அந்த முதல் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

"எஃகைவிட ஐந்து மடங்கு" என்பது எடைக்கு எடை ஒப்பிட்டால்தான் சரி. சிலந்தி தொங்கி இறங்கும்போது விடும் இழையின் இழுவலிமை சுமார் 1.1 ஜிகாபாஸ்கல். நல்ல உயர்தர எஃகுக் கம்பி அதைவிடக் கொஞ்சம் கூடவே தாங்கும். ஆனால் எஃகின் அடர்த்தி 7.8, சிலந்தி நூலுடையது 1.3. அதனால்தான் அந்த ஐந்து மடங்கு வருகிறது. சிலந்தி நூலின் உண்மையான பெருமை வேறு. அது நீளவும் செய்கிறது, வலிமையாகவும் இருக்கிறது. உடைவதற்கு முன் எவ்வளவு ஆற்றலை உள்வாங்குகிறது என்று பார்த்தால் கன மீட்டருக்குச் சுமார் 160 மெகாஜூல். குண்டு துளைக்காத சட்டை செய்யும் கெவ்லார் இழைக்கு 50தான். மடகாஸ்கரில் ஆற்றின் குறுக்கே வலை கட்டும் டார்வின் மரப்பட்டைச் சிலந்தியில் சராசரியே 350 என்று 2010-இல் அளந்தார்கள்.

இதெல்லாம் சிலந்தியின் எண்கள். நிறுவனத்தின் எண்கள் அல்ல. உங்கள் கோப்பில் இருப்பது யாருடைய எண் என்று முதலில் கேளுங்கள். சிலந்தியின் எண்ணைத் தன் நூலின் எண் மாதிரி அச்சடிப்பது இந்தத் துறையில் முப்பது வருடப் பழக்கம்.

ஒரு உதாரணம். சுவீடனில் அன்னா ரைசிங், யான் யோஹான்சன் குழு 2017-இல் ஒரு அருமையான வேலை செய்தார்கள். பாக்டீரியாவில் வளர்த்த புரதத்தை, கடும் கரைப்பான் எதுவும் இல்லாமல் நீரிலேயே கரைத்து, சிலந்தியின் சுரப்பியைப் போலவே அமிலத்தன்மையை மாற்றி இழையாக இழுத்தார்கள். ஒரு லிட்டர் வளர்ப்பிலிருந்து ஒரு கிலோமீட்டர் இழை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கட்டுரைகளில் ஒன்று. ஆனால் அந்த இழையின் வலிமை 162 மெகாபாஸ்கல். இயற்கை இழையில் ஏழில் ஒரு பங்கு. அவர்கள் அதை மறைக்கவில்லை, கட்டுரையிலேயே இருக்கிறது. நல்ல நிறுவனம் என்றால் அப்படிச் சொல்ல வேண்டும்.

மல்பெரித்தோட்டம்

ஒரு லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்கிறீர்கள். எங்கள் பட்டறையில் ஒரு நல்ல வெண்கூட்டைச் சுற்றினால் அதுவும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான் வருகிறது தம்பி. ஒரே ஒரு கூடு.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் பதினெட்டு வருடமாகப் பட்டுப்புழு வளர்க்கிறேன். படித்துக்கொண்டிருக்கிறேன், தொடருங்கள்.

எட்டுக்கால்

அண்ணா, இழையின் தடிமன் வேறுவேறு. அதனால் எடைக் கணக்கில் நேராக ஒப்பிட முடியாது. ஆனால் நீங்கள் சொன்னது சரியான இடத்தைத் தொடுகிறது. ஆய்வகத்தில் எல்லோரும் நீளத்தைச் சொல்வார்கள். ஆலைக்கு வேண்டியது எடை.

நொதிக்கலன்

நான் ஹைதராபாத்தில் நொதிகள் தயாரிக்கும் ஆலையில் ஃபெர்மென்டர் (நுண்ணுயிர் வளர்க்கும் தொட்டி) பக்கம் வேலை. சிலந்தி நூல் என் துறை இல்லை, ஆனால் புரதத்தை டன் கணக்கில் காய்ச்சுவது என்றால் என்ன என்று தினமும் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிலந்தியைப் பண்ணையில் வளர்க்க முடியாது, ஒன்றையொன்று தின்றுவிடும். மடகாஸ்கரில் சைமன் பியர்ஸும் நிக்கோலஸ் காட்லியும் காட்டிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேலான பொன்னிறச் சிலந்திகளைப் பிடித்து, நூலை இழுத்துவிட்டு மறுபடி விட்டு, 2009-இல் ஒரே ஒரு துணி நெய்தார்கள். அதனால் மரபணுவை எடுத்து வேறு உயிரில் வைப்பதுதான் வழி. அமெரிக்க ஆய்வாளர் ராண்டி லூயிஸின் குழு 1990-இல் அந்த மரபணு வரிசையின் ஒரு பகுதியை வெளியிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொருவரும் ஒவ்வொரு உயிரைத் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்க வேதி நிறுவனமான டூபாண்ட் பாக்டீரியாவிலும் ஈஸ்டிலும் முயன்று விட்டுவிட்டது. கனடாவின் நெக்ஸியா நிறுவனம் ஆட்டுப்பாலில் வரவைத்தது. 2002-இல் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தோடு சேர்ந்து பாலூட்டிச் செல்களில் செய்த புரதத்தை நூற்றுக் காட்டியபோது உலகமே பேசியது. சில வருடத்தில் நெக்ஸியா இல்லை. ஆடுகள் ராண்டி லூயிஸிடம் போய்ச் சேர்ந்தன.

ஏன் இவ்வளவு கஷ்டம்? மூன்று இடத்தில் அடிபடுகிறது.

முதல் இடம் செல்லுக்குள். இந்தப் புரதம் மிக நீளம். அதில் கிளைசின், அலனின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பாக்டீரியாவிடம் அவ்வளவு கிளைசின் சரக்கு இருக்காது. பாதியில் நின்றுவிடும், அல்லது திரும்ப வரும் மரபணுத் துண்டைத் தானே வெட்டி எறிந்துவிடும். நீளம் குறைந்தால் நூலின் வலிமை குறையும். தென்கொரியாவில் 2010-இல் செல்லின் கிளைசின் வழங்கலைக் கூட்டி 285 கிலோடால்டன் (புரத மூலக்கூறின் எடை அளவு) வரை கொண்டுபோனார்கள். 2018-இல் செயின்ட் லூயிஸில் ஃபூஜோங் ஜாங் குழு இரண்டு துண்டுகளைத் தனித்தனியாகச் செய்து பிறகு ஒட்டவைத்து 556 கிலோடால்டன் எட்டியது. அந்த நூல்தான் 1 ஜிகாபாஸ்கலைத் தாண்டியது. ஆகவே இயற்கை அளவு வலிமை முடியாத காரியம் அல்ல. முடிந்துவிட்டது. ஆனால் மில்லிகிராம் அளவில்.

இரண்டாவது இடம் ஃபெர்மென்டருக்கு வெளியே. எங்கள் ஆலையில் நொதி செல்லிலிருந்து தானாகவே வெளியே சுரக்கும். வடிகட்டினால் வேலை பெரும்பாலும் முடிந்தது. பாக்டீரியாவுக்குள் தங்கிவிடும் புரதம் என்றால் செல்லை உடைக்க வேண்டும், கழுவ வேண்டும், பிரிக்க வேண்டும், உலர்த்த வேண்டும். காசு அங்கேதான் போகிறது. போல்ட் திரெட்ஸ் ஈஸ்டைத் தேர்ந்ததற்கு இந்தச் சுரப்பு ஒரு முக்கியக் காரணம். எந்த நிறுவனத்தைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: "வெளியே சுரக்கிறதா, உள்ளே தங்குகிறதா?"

மூன்றாவது இடம் நூற்பு. சிலந்தியின் சுரப்பியில் புரதம் எடையில் 30 முதல் 50 விழுக்காடு வரை செறிந்து திரவமாகவே இருக்கிறது. குழாயில் வரவர அமிலத்தன்மை கூடி, உப்பு மாறி, இழுப்பும் சேர்ந்து, நொடியில் இழையாகிறது. அறை வெப்பத்தில், வெறும் நீரில். நாம் செய்வது பொடியைக் கடும் கரைப்பானில் கரைத்து, ஊசித்துளை வழியாக இன்னொரு தொட்டிக்குள் தள்ளுவது. கரைப்பானை முழுதாகத் திரும்பப் பிடிக்காவிட்டால் செலவும் சரி, சூழலும் சரி, இரண்டும் கெட்டுப்போகும். "பசுமை நூல்" என்று எழுதியிருந்தால் எந்தக் கரைப்பான், எத்தனை விழுக்காடு திரும்பப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

பாலியஸ்டர் பஞ்சு கிலோ நூறு ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. அதோடு யாரும் போட்டி போட வேண்டியதில்லை. ஆனால் பட்டோடு, காஷ்மீர் கம்பளியோடு போட்டி போட்டுத்தான் ஆக வேண்டும்.

கோவை நூற்பாளர்

மிக்க நன்றி. இதை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். அப்படியானால் ஸ்பைபர்தான் முன்னால் இருக்கிறதா? தாய்லாந்தில் ஆலை கட்டியிருக்கிறார்களே.

நொதிக்கலன்

ஆலை அளவில் பார்த்தால் ஆம். ஜப்பானின் யமகதா மாகாணத்தில் சுருவோகா என்ற சிறு ஊரில், கெயோ பல்கலைக்கழக ஆய்விலிருந்து 2007-இல் கசுஹிதே செகியாமாவும் ஜுனிச்சி சுகஹாராவும் தொடங்கியது. தாய்லாந்தின் ரயோங்கில் ஆலை வைத்ததற்கு அங்கே சர்க்கரை மூலப்பொருள் கிடைப்பது பெரிய காரணம். பாக்டீரியாவுக்குச் சர்க்கரைதான் சோறு.

ஆனால் அவர்கள் இப்போது விற்பதைச் சிலந்தி நூல் என்று அவர்களே சொல்வதில்லை. அந்தக் கதையைச் சிலந்திக்காரர் சொன்னால் நன்றாயிருக்கும்.

எட்டுக்கால்

சொல்கிறேன். அதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்று.

தோட்டத்தில் வலையின் நடுவே வெள்ளையாகப் பெருக்கல் குறி போட்டு உட்கார்ந்திருக்கும் சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள். அதை ஒரு குச்சியில் ஏற்றி மெல்லத் தட்டினால் நூல் விட்டுக்கொண்டு கீழே இறங்கும். அந்த நூலை ஒரு விரற்கடை அகலமுள்ள அட்டைச் சட்டத்தில் பிடித்து, மேல்முனையை ஒட்டிவிட்டு, கீழ்முனையில் அரிசிமணி அளவு காகிதத் துண்டு ஒட்டுங்கள். காற்றுப் படாத இடத்தில் தொங்கவிட்டு, ஈரத் துணியைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். காகிதம் மேலே ஏறும். நூல் கண்ணெதிரே சுருங்குகிறது. பிடிப்பில்லாமல் விட்டால் ஏறக்குறைய பாதி நீளம்வரை சுருங்கும். கல்லூரியில் முதல்முறை பார்த்தபோது நான் அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. வலைக்கு இது வரம் என்பார்கள், பனியில் தளராமல் இறுகி நிற்க உதவுகிறது. சட்டைக்கு இது சாபம்.

ஸ்பைபர் 2013-இல் நீல நிற உடை ஒன்றைக் காட்டியது. 2015-இல் தி நார்த் ஃபேஸுடன் சேர்ந்து பொன்னிற மூன் பார்க்கா குளிர்ச்சட்டையை அறிவித்தது. அது கடைக்கு வந்தது 2019-இல். நடுவில் நாலு வருடம். காரணம் நான் மேலே சொன்ன சுருக்கம்தான். மழையில் நனையும் குளிர்ச்சட்டை சுருங்கினால் என்ன ஆகும்? புரதத்தின் வரிசையையே மாற்றி, ஈரத்துக்குச் சுருங்கும் பகுதிகளைக் குறைத்து, புதிதாக வடிவமைத்தார்கள். கடைசியில் ஐம்பது சட்டை, ஒன்று 1,50,000 யென். அதே வருடம் வந்த டி-சர்ட்டில் 82.5 விழுக்காடு பருத்தி, 17.5 விழுக்காடுதான் இந்தப் புரதம். பெயரும் காய்ச்சிய புரதம் என்ற பொருளில் 'புரூட் புரோட்டீன்' ஆனது.

இதை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன். சிலந்தியை நகலெடுப்பதை விட்டு, உடுத்தக்கூடிய இழையைச் செய்யத் தொடங்கினார்கள். என் மதிப்பில் இந்தத் துறையின் மிக நேர்மையான முடிவு அதுதான்.

கணக்குப்பிள்ளை

பங்குச் சந்தைப் பக்கமிருந்து ஒரு வார்த்தை. இந்தத் துறையில் பிழைத்தவர்களைப் பாருங்கள், எல்லோரும் விற்பதை மாற்றியிருக்கிறார்கள்.

போல்ட் திரெட்ஸ்: 2009-இல் தொடக்கம். 2017-இல் ஐம்பது கழுத்துப்பட்டைகள், ஒன்று 314 டாலர். ஸ்டெல்லா மெக்கார்ட்னியோடு உடைகள். பிறகு காளான் வேரிலிருந்து தோல் மாதிரி ஒரு பொருள், அதையும் 2023-இல் நிறுத்தினார்கள். இப்போது முக்கியமாக விற்பது நூல் அல்ல, முகப்பூச்சிலும் தலைமுடிப் பொருளிலும் சேர்க்கும் பட்டுப் புரதம். 2024 ஆகஸ்டில் அமெரிக்கப் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். வந்தபின் விலை வெகுவாகச் சரிந்தது.

ஏஎம்சில்க்: ஜெர்மனி, 2008, தாமஸ் ஷைபலின் ஆய்விலிருந்து பிறந்தது. 2016-இல் அடிடாஸோடு காலணி காட்டினார்கள். அழகுப்பொருள் பிரிவு நன்றாகவே நடந்தது. அதை 2019-இல் ஜிவோடான் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். உற்பத்தியை எவோனிக் என்ற வேதி நிறுவனத்திடம் ஒப்படைத்து ஸ்லோவாக்கியாவில் பெரிய அளவில் செய்ய ஒப்பந்தம் போட்டார்கள். சொந்தமாகத் தொட்டி கட்டாமல், ஏற்கெனவே தொட்டி வைத்திருப்பவனிடம் போனது புத்திசாலித்தனம் என்பேன்.

ஏன் எல்லோரும் முகப்பூச்சுக்குப் போகிறார்கள் என்று கேட்டால் கணக்கு எளிது. களிம்பில் கிராம் கணக்கில் போதும். நூற்க வேண்டாம். நீளமான புரதமும் வேண்டாம். நொதிக்கலன் சொன்ன மூன்று கஷ்டத்தில் இரண்டு காணாமல் போகிறது.

கிரெய்க் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பட்டுப்புழுவுக்குள் சிலந்தி மரபணுவை வைத்து நூல் எடுக்க முயல்கிறவர்கள். 2006-லிருந்து இருக்கிறார்கள், பங்கு வெளிச்சந்தையில் சில்லறை விலையில் ஓடுகிறது. அறிக்கைகள் அடிக்கடி வரும். ராணுவ ஒப்பந்தம் 2016-இல் கிடைத்தது, வியட்நாமில் துணை நிறுவனம் இருக்கிறது. இத்தனை வருடத்தில் கடையில் போய் நாம் வாங்குகிற துணியாக எதுவும் பரவலாக வரவில்லை. பட்டுப்புழு வழியே தவறான வழி என்று நினைக்கிறேன். இருபதாம் நூற்றாண்டோடு முடிந்த தொழில் அது.

மல்பெரித்தோட்டம்

கணக்குப்பிள்ளை அவர்களே, முடிந்த தொழில் என்று எழுதுமுன் ஒரு தடவை எங்கள் ஊர்ப் பக்கம் வந்து பார்க்க வேண்டும். வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

நூறு முட்டைத் தொகுதி எடுத்தால் நாற்பதாயிரத்துக்கும் மேல் புழு. இளம்புழு மையத்திலிருந்து இரண்டாம் தோலுரிப்பு முடிந்து எங்களிடம் வரும். மொத்தம் இருபத்தைந்து, இருபத்தேழு நாள். தின்னும் இலையில் பெரும்பங்கு கடைசி ஐந்தாம் பருவத்தில்தான். அந்த ஒரு வாரம் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கமாட்டோம். நன்றாக விளைந்தால் எழுபது, எண்பது கிலோ கூடு. ஆறேழு கிலோ கூட்டுக்கு ஒரு கிலோ கச்சாப் பட்டு. அதாவது ஓட்டு வேய்ந்த ஒரு மனையில், நானும் என் மனைவியும், ஒரு மாதத்துக்குள் பத்துக் கிலோவுக்கு மேல் நூலுக்கான கூடு விளைவிக்கிறோம். கரைப்பான் இல்லை, ஊசித்துளை இல்லை. புழு தலையை எட்டு மாதிரி ஆட்டி ஆட்டித் தானே நூற்றுக்கொள்கிறது. நொதிக்கலன் தம்பி மூன்று கஷ்டம் சொன்னார். அதில் மூன்றாவதைப் புழு ஏற்கெனவே தீர்த்துவைத்திருக்கிறது.

அந்தப் புழுவுக்குள் சிலந்தி மரபணு வைத்தால் போதும் என்று ஒருவன் நினைத்தால் அவன் தவறாக நினைக்கவில்லை.

நொதிக்கலன்

அண்ணா சொல்வது முழுக்க நியாயம். என் கணக்கில் நான் புழுவைச் சேர்க்கவே இல்லை. மன்னிக்கவும்.

எட்டுக்கால்

புழு வழியில்தான் இப்போது சூடு அதிகம். வரிசையாகச் சொல்கிறேன். 2012-இல் நோட்ர டாம், வயோமிங் பல்கலைக்கழகங்களும் கிரெய்க்கும் சேர்ந்து வெளியிட்ட புழுவின் இழையில் சிலந்திப் புரதம் சில விழுக்காடு மட்டுமே. ஆனாலும் இழை தெளிவாக உறுதிப்பட்டது. ஜப்பானில் 2014-இல் அரானியஸ் சிலந்தியின் மரபணுவை வைத்த புழுவின் பட்டை நெய்து மேலங்கியும் கழுத்துத் துணியும் செய்தார்கள். 2018-இல் சீனக் குழு ஒன்று புழுவின் சொந்தப் பட்டு மரபணுவையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிலந்தியுடையதை வைத்தது. கூட்டில் சிலந்திப் புரதம் 35 விழுக்காடு வரை போனது. 2023 செப்டம்பரில் ஷாங்காய் டொங்ஹுவா பல்கலைக்கழகத்தின் மி ஜுன்பெங் குழு கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் செய்த புழுவின் இழை 1,299 மெகாபாஸ்கல், 319 மெகாஜூல். கெவ்லாரைப் போல ஆறு மடங்கு உறுதி. இந்த எண் சிலந்தியுடையது அல்ல, அந்தப் புழுவின் இழையுடையது. இதைத்தான் நான் முதல் பதிவில் கேட்டேன்.

போட்டியாளர்களை எடைபோடும்போது பெயர்ப்பலகை உள்ள நிறுவனங்களை மட்டும் பார்த்தால் டொங்ஹுவா மாதிரியான இடங்கள் கண்ணில் படாது. பட்டு உற்பத்தியில் உலகில் முதல் நாடு சீனா. வளர்க்கத் தெரிந்தவர்களும், சுற்றும் ஆலைகளும், மரபணு ஆய்வகமும் ஒரே நாட்டில் இருக்கின்றன.

மல்பெரித்தோட்டம்

சரி, நல்லதைச் சொன்னேன். இப்போது கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் கட்சி கட்டுவது மாதிரி ஆகிவிடும்.

புழு ஒரு உயிர். பால்புழு நோய் வந்தால் இரண்டே நாளில் தட்டு தட்டாக அள்ளிக் குழியில் கொட்ட வேண்டும். ஊசி ஈ புகுந்தால் கூட்டில் ஓட்டை, சுற்றவே முடியாது. நாங்கள் வளர்ப்பது கலப்பின முட்டை. இரண்டு தூய இனத்தைத் தனியே காப்பாற்றி, சேர்த்து முட்டை எடுப்பது வித்தகத்தின் (முட்டை தயாரிக்கும் நிலையத்தின்) வேலை. அந்தப் புது மரபணு இரண்டு பக்கமும் நிலைத்து நிற்குமா, தலைமுறை தலைமுறையாக அதே அளவு நூலில் வருமா என்று பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் இருநூறு புழு நன்றாயிருப்பதும் மனையில் நாற்பதாயிரம் நன்றாயிருப்பதும் ஒன்றல்ல.

அப்புறம் ஈரம். நாலு வருடம் முன் அடைமழையில் புழுவைச் சந்திரிகையில் (கூடு கட்ட வைக்கும் தட்டில்) ஏற்றினேன். கூடு கட்டும்போது காற்று நகராமல் புழுங்கிக் கிடந்தது. கூடு பார்க்க நன்றாய்த்தான் இருந்தது, வெள்ளையாய், இறுக்கமாய். சந்தையில் ஒரு கையளவு எடுத்து வெந்நீரில் போட்டுப் பார்த்தவர் தலையசைத்துவிட்டார். நூல் முனை பிடித்தால் பத்து முழத்தில் அறுகிறது. அந்தத் தடவை பாதி விலைதான். அதே புழு, அதே இலை, அதே கை. காற்று மட்டும் வேறு. வியட்நாமில் வளர்க்கிறார்கள் என்று கேட்டதும் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி, மழைக்கால விளைச்சல் எப்படி இருக்கிறது என்பதுதான்.

மரபணு மாற்றிய புழுவை விவசாயி வளர்க்க அரசு அனுமதியும் வேண்டும். நம் நாட்டில் அது பெரிய வேலை.

எட்டுக்கால்

அனுமதி கிடைத்த உதாரணம் ஒன்று இருக்கிறது அண்ணா. ஜப்பானின் குன்மா மாகாணத்தில் 2017-இல் ஒளிரும் பச்சைப் பட்டு தரும் மரபணு மாற்றப் புழுவை விவசாயிகளே தங்கள் மனையில் வளர்க்கத் தொடங்கினார்கள். ஆக சட்டப்படி வழி உண்டு.

கணக்குப்பிள்ளை

மல்பெரித்தோட்டம் ஐயா, அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். கிரெய்க்கின் பங்கு பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் ஒரு நிறுவனம் தாமதிப்பதும், அது போகும் வழி தவறாயிருப்பதும் வேறு வேறு. இரண்டையும் குழப்பிவிட்டேன்.

தையல்கண்

அறுவை சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். துணிக்கு வெளியேயும் பாருங்கள். 2011-இல் ஹனோவரில் கிறிஸ்டின் ராட்கே குழு ஆட்டின் காலில் ஆறு சென்டிமீட்டர் நரம்பு இடைவெளியைச் சிலந்தி நூல் வைத்துப் பாலமிட்டது. நரம்பு அந்த நூலைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தது. அது இயற்கைச் சிலந்தி நூல்தான். கை வெட்டுப்பட்டு வருகிறவர்கள் விரலில் உணர்ச்சி திரும்புமா என்று கேட்கும்போது பதில் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறேன், அதனால் இந்தச் செய்தி எனக்கு மறக்காது. இங்கே டன் கணக்கு வேண்டாம், கிராம் போதும். விலையும் பெரிய தடை ஆகாது. ஆனால் மனிதர்களில் சோதித்து அனுமதி பெற வருடங்கள் ஆகும். சுவீடனின் ஸ்பைபர் டெக்னாலஜிஸ் இந்தப் பக்கம்தான் போகிறது. ஜப்பான் ஸ்பைபர் வேறு, இது வேறு, பெயர் மட்டும்தான் ஒன்று. தேடும்போது குழம்பிவிடாதீர்கள்.

நொதிக்கலன்

புதியவர்களில் நான் கவனிப்பது இரண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் ஸ்பின்டெக்ஸ். இவர்கள் மரபணுப் பக்கம் முட்டி மோதாமல் நூற்பைப் பிடித்தார்கள். கழிவுப் பட்டைக் கரைத்து, சிலந்தி செய்வதுபோல் அறை வெப்பத்தில் நீரிலிருந்தே இழையாக இழுப்பது. நாளைக்கு யார் நல்ல புரதம் செய்தாலும் நூற்க இவர்களிடம் வரலாம். மற்றது கேம்பிரிட்ஜின் சாம்ப்ளா. சிலந்தி நூலின் உள் அமைப்பைப் படித்துவிட்டு, அதைப் பட்டாணி போன்ற தாவரப் புரதத்தில் கொண்டுவந்து, நூலுக்குப் பதிலாக மென்தாளும் நுண்ணுறையும் செய்கிறார்கள். மரபணு மாற்றமே தேவையில்லை. சிலந்தி நூல் என்ற பட்டியலில் இவர்கள் பெயர் வராது. ஆனால் அதே சந்தையில் பிளாஸ்டிக்கின் இடத்தைக் கேட்கிறார்கள்.

கோவை நூற்பாளரே, உங்களுக்கு ஒரே ஆலோசனை. எண் கேட்காதீர்கள், சரக்கு கேளுங்கள். வெட்டு இழையாக இரண்டு கிலோ. வெவ்வேறு மாதத்தில் செய்த இரண்டு தொகுதியிலிருந்து ஒவ்வொரு கிலோ.

கோவை நூற்பாளர்

அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். கூடவே மூன்று கேள்வி: புரதம் செல்லுக்கு வெளியே சுரக்கிறதா, என்ன கரைப்பான், ஈரத்தில் எவ்வளவு சுருங்குகிறது. பதில் வந்ததும் சொல்கிறேன்.

கோவை நூற்பாளர் (ஐந்து வாரம் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கவும். இரண்டு கிலோ இல்லை என்றார்கள். 180 கிராம் அனுப்பினார்கள், ஒரே தொகுதி. கரைப்பான் பற்றிய கேள்விக்கு இரகசியம் என்று பதில். சுரப்புக் கேள்விக்கு "உள்ளே தங்குகிறது, மாற்ற முயல்கிறோம்" என்று நேராகச் சொன்னார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

180 கிராமை வைத்து கார்டிங் ஓட்ட முடியாது. மாதிரி எந்திரத்தில், 80 பங்கு நீள இழைப் பருத்தியோடு 20 பங்கு கலந்து போட்டோம். தொட்டால் காஷ்மீர் கம்பளி மாதிரி மெத்தென்று இருக்கிறது, உண்மையிலேயே அழகு. ஆனால் இழை நீளம் ஒரே சீராக இல்லை, ஸ்லைவரில் (நூற்குமுன் வரும் தளர்ந்த பஞ்சுத் திரியில்) அங்கங்கே சின்னச் சின்ன முடிச்சு. நூலாக்கி, ஒரு சிட்டம் சுற்றி, நனைத்து, உலர்த்தி அளந்தோம். கலப்பிலேயே 9 விழுக்காடு சுருங்கியது. இரண்டாம் தடவை நனைத்தால் இன்னும் 2. மூன்றாம் தடவை மாற்றமில்லை. அதாவது முன்கூட்டியே சுருக்கிவிட்டு நெய்தால் சமாளிக்கலாம்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன்: இப்போது பணம் போட வேண்டாம், ஆனால் கதவை மூட வேண்டாம். நூற்பு, சாயச் சோதனைகளை நம் செலவில் செய்து கொடுப்போம், அவர்கள் ஒவ்வொரு புதுத் தொகுதியிலிருந்தும் மாதிரி தர வேண்டும். ஒத்துக்கொண்டார். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். அடுத்த தொகுதி தை மாதம் வருகிறது.

எட்டுக்கால், உங்கள் அட்டைச் சட்டச் சோதனையை எங்கள் ஆய்வகப் பையன்கள் எல்லோரும் செய்து பார்த்துவிட்டார்கள். மல்பெரித்தோட்டம் அண்ணா, உங்கள் பக்கத்துக் கச்சாப் பட்டில் அரைக் கிலோ வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. விலை சொல்லுங்கள்.

மல்பெரித்தோட்டம்

கூடுதான் என்னிடம் உண்டு, நூல் சுற்றுகிற உறவினரிடம் சொல்லி வாங்கி அனுப்புகிறேன் தம்பி. இந்த ஏற்றம் முடிய பதினோரு நாள் இருக்கிறது. வெயில் நன்றாய் அடிக்கிறது, இந்தத் தடவை நூல் அறுகாது. அந்தப் புது இழையில் ஒரு பிடி எனக்கும் அனுப்புங்கள். வீட்டில் அவள் தொட்டுப் பார்க்கவேண்டும் என்கிறாள்.